பின்னால் முட்டிக்கொண்டு வரும் வண்டியை என்ன செய்வது?

கேள்வி: கார் ஓட்டக் கற்றுக்கொண்டு ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம் அம்மாவையும் குழந்தைகள் இருவரையும் பின் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு தாம்பரத்திலிருந்து விழுப்புரத்துக்கு இரவில் ஓட்டிப் போனேன். மதுராந்தகம் தாண்டியதும் ஒரு பஸ் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடம் லைட்டும் ஹாரனும் அடித்துக்கொண்டே வந்தார்கள். 80-ல் போய்க்கொண்டிருந்தவள் பயத்தில் 110 வரை போய்விட்டேன். அலுவலகத்தில் சொன்னால், "ஒரு தட்டு பிரேக்கைத் தட்டியிருந்தால் தானாகப் பின்வாங்கியிருப்பான்" என்கிறார்கள். அது சரியா? அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்:

நீங்கள் பிரேக்கைத் தட்டவில்லை என்று படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. இருபது வருடத்துக்கு மேலாக வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வி என்னிடம் வராத மாதம் இல்லை. உங்கள் அலுவலக நண்பர்கள் சொன்ன யோசனையும் அதே அளவுக்குப் பழசுதான். அது ஏன் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

80 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கும் உங்களுக்கும் ஐந்து மீட்டர் இடைவெளி என்றால், நேரக் கணக்கில் அது கால் விநாடிகூட இல்லை. உங்கள் பிரேக் லைட் எரிவதைப் பார்த்து, புரிந்து, காலை எடுத்துப் பிரேக்கில் வைக்க எந்த ஓட்டுநருக்கும் ஒரு விநாடி பக்கம் ஆகும். இரவு நேரம், களைப்பு என்றால் இன்னும் கூடும். பஸ்ஸில் இருப்பது ஏர் பிரேக். மிதித்ததும் காற்றழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேர இன்னும் கொஞ்சம் தாமதம். நீங்கள் அழுத்தி மிதித்தால் அந்த ஒரு விநாடியில் உங்கள் வேகம் ஏறக்குறைய 25 கி.மீ. குறைந்திருக்கும். அவர் அதே 80-ல் இருப்பார். பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி அது. அதற்கு மிக அருகில் உட்கார்ந்திருப்பது யார்? நீங்கள் இல்லை. உங்கள் அம்மாவும் குழந்தைகளும்தான்.

நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். கற்றுக்கொடுக்கும் வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் போகிற வழியில் தக்காளி ஏற்றிய ஒரு வேன் வெகுநேரம் என் பின்னாலேயே முட்டிக்கொண்டு வந்தது. எரிச்சலில் பிரேக்கை ஒரு மிதி மிதித்தேன். வேன்காரர் இடப்பக்கம் ஒடித்தார். வண்டி மண்ணில் இறங்கி ஒரு புளியமரத்தை உரசி நின்றது. யாருக்கும் அடி இல்லை, கூடைகள் சரிந்து தக்காளி ரோட்டோரம் முழுக்க உருண்டது. அவர் இறங்கி வந்து சண்டை போடவில்லை. "என்னங்க குறுக்க வந்துச்சு?" என்றுதான் கேட்டார். நான் "நாய்" என்று பொய் சொன்னேன். அவரோடு சேர்ந்து தக்காளி பொறுக்கிப் போட்டேன். அந்த ஓரத்தில் அப்போது ஒரு சைக்கிளோ, நடந்து போகிற பள்ளிப் பிள்ளையோ இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றுவரை போகவில்லை. பின்னால் வருபவருக்குப் பாடம் கற்பிக்கப் போட்ட பிரேக் யார் மேல் போய் விழும் என்று போட்டவருக்குத் தெரியாது.

சரி, அப்படியானால் என்ன செய்வது? பின்னால் இருக்கும் இடைவெளி உங்கள் கையில் இல்லை. அது அவர் காலில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது முன்னால் இருக்கும் இடைவெளி. பின்னால் ஒருவர் ஒட்டுகிறார் என்று தெரிந்த நொடியில், முன்னால் போகிற வண்டியை விட்டு மெல்ல விலகுங்கள். நான் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது முதலில் புரிவதே இல்லை. பயம் பின்னால் இருக்கும்போது கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும். உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 80-ல் போகிற முன் கார் திடீரென்று முழு பலத்தோடு பிரேக் போடுகிறது. காய்ந்த ரோட்டில் அது நிற்க 35 மீட்டர் போல வேண்டும். உங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு விநாடிதான் என்றால் நீங்களும் முழு பலத்தோடு மிதித்தே ஆகவேண்டும். அப்போது பின்னால் வருபவர் உங்கள் மேல் ஏறுவதைத் தவிர வேறு எதுவும் நடக்காது. அதே இடத்தில் நான்கு விநாடி, அதாவது 90 மீட்டர் போல விட்டிருந்தால், நீங்கள் பார்த்துச் சுதாரிக்க ஒரு விநாடி போனாலும், முன் கார் நிற்பதற்குள் ஓடும் 35 மீட்டரையும் சேர்த்தால் நிற்பதற்கு 100 மீட்டர் மிச்சம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு பலத்தில் மிதித்தால் போதும். அவ்வளவு மெதுவாக நீங்கள் குறையும்போது, ஐந்து மீட்டரில் ஒட்டி வந்தவருக்கும் பார்த்து மிதிக்க நேரம் கிடைத்துவிடும். அவர் விடாத இடைவெளியையும் சேர்த்து நீங்கள் விடுகிறீர்கள். அவருக்காக இல்லை, பின் சீட்டில் இருப்பவர்களுக்காக.

இடைவெளியை எப்படி அளப்பது? முன்னால் போகிற வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லையோ பாலத்தின் விளிம்பையோ தாண்டும்போது "நூற்று ஒன்று, நூற்று இரண்டு, நூற்று மூன்று, நூற்று நான்கு" என்று நிதானமாக வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு விநாடி. நான்கை முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கல்லை எட்டிவிட்டால் இன்னும் நெருக்கமாக இருக்கிறீர்கள். சாதாரண நேரத்தில் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று விநாடி. பின்னால் ஒருவர் ஒட்டினாலோ மழை பெய்தாலோ நான்கு. இடைவெளியைக் கூட்டப் பிரேக் போட வேண்டாம். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் போதும், அரை நிமிடத்தில் இடைவெளி வந்துவிடும்.

"அவ்வளவு கேப் விட்டால் ஆளாளுக்கு நுழைவார்களே" என்பீர்கள். நுழைவார்கள்தான். நுழையட்டும். ஒருவர் நுழைந்தால் திரும்ப இடைவெளி விடுவதில் உங்களுக்கு மூன்று நான்கு விநாடி போகிறது. தாம்பரத்திலிருந்து விழுப்புரம் போவதற்குள் இருபது பேர் நுழைந்தாலும் ஒன்றே கால் நிமிடம்தான் தாமதம். பரனூர் டோல்கேட்டில் முன்னால் நிற்பவருக்கு ஃபாஸ்டாக் வேலை செய்யவில்லை என்றால் அதைவிட அதிக நேரம் போகும்.

அடுத்தது சைடு கொடுப்பது. நீங்கள் எந்த லேனில் போய்க்கொண்டிருந்தீர்கள் என்று எழுதவில்லை. மீடியனை ஒட்டிய வலது லேனில்தான் இருந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தவறு சொல்வதற்காகக் கேட்கவில்லை. நம் நான்குவழிச் சாலையில் இடது லேன் என்ன நிலையில் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். பின்விளக்கு எரியாத டிராக்டர் போகும், பழுதாகி நிற்கும் லாரியைச் சுற்றி நாலு கல்லை வைத்திருப்பார்கள், சர்வீஸ் ரோட்டில் இருந்து பைக் சட்டென்று ஏறும், எதிர்த்திசையிலேயே ஒருவர் ஓரமாக வந்துகொண்டிருப்பார். புதிதாக ஓட்டுபவர்கள் இதற்குப் பயந்து வலது லேனில் நிலையாகப் போய்விடுகிறார்கள். ஆனாலும் வலது லேன் முந்துவதற்கான லேன்தான். 80-ல் போகிறவர் அதிலேயே இருந்தால் பின்னால் வருபவர் ஒட்டுவார், அல்லது இடது பக்கமாக முந்துவார். இரண்டுமே உங்களுக்கு ஆபத்து. இடது லேனில் போய், முன்னால் நல்ல தூரம் பார்த்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் வலதுக்கு வந்து முந்திவிட்டுத் திரும்பிவிடுங்கள். ஆரம்பத்தில் அலுப்பாக இருக்கும். ஒரு மாதத்தில் கை பழகிவிடும்.

பின்னால் பஸ் லைட் அடிக்கும்போது பதறி உடனே இடதுக்குத் திருப்பக் கூடாது. முதலில் இடது இண்டிகேட்டரைப் போடுங்கள். வழிவிடப் போகிறீர்கள் என்று பின்னால் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலானவர்கள் அப்போதே கொஞ்சம் இறுக்கத்தைக் குறைப்பார்கள். உள் கண்ணாடி, இடது சைடு மிரர், பிறகு கண்ணாடியில் தெரியாத மூலைக்கு ஒரு தலைத்திருப்பல், அப்புறம்தான் ஸ்டீயரிங். இடது லேனில் இரண்டு லாரிக்கு நடுவில் சின்ன இடம் இருக்கிறது என்று அதில் போய் நுழையாதீர்கள். பெரிய இடம் வரும்வரை அதே வேகத்தில் போங்கள். பின்னால் இருப்பவர் எத்தனை ஹாரன் அடித்தாலும் எப்போது மாறுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வலது இண்டிகேட்டரைப் போட்டு "முந்திப் போ" என்று சைகை காட்டும் பழக்கம் நம் ரோட்டில் உண்டு. அதைத் தயவுசெய்து பழகாதீர்கள். நீங்கள் வலதுக்குத் திரும்பப் போவதாக ஒருவர் எடுத்துக்கொள்வார், முந்தச் சொல்வதாக இன்னொருவர் எடுத்துக்கொள்வார்.

வேகத்தைக் கூட்டுவது தீர்வே இல்லை. 110-க்குப் போனால் அவரும் 110-ல் அதே ஐந்து மீட்டரில் வருவார். 80-ல் நிற்க ஆகும் பிரேக் தூரம் 110-ல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நீங்கள் பழகாத வேகத்தில், இரவில், இன்னொருவர் அவசரத்துக்காக வண்டியை ஓட்டுகிறீர்கள் என்றாகிறது. இடதுக்குப் போக வழியே இல்லை, அவரும் விலகவில்லை என்றால் வேகத்தைச் சிறிது சிறிதாக 70, 65 என்று இறக்குங்கள். வேகம் குறையக் குறைய அதே ஐந்து மீட்டரின் ஆபத்தும் குறைகிறது. அவருக்கு உங்களை முந்துவதும் சுலபமாகிறது.

அந்த வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ்ஸின் ஹை பீம் உள் கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்குள் வரும்போது பதற்றம் இரட்டிப்பாகும். பல கார்களில் உள் கண்ணாடியின் அடியில் ஒரு சின்ன லிவர் இருக்கும். அதை ஒரு தட்டுத் தட்டினால் கண்ணாடி இரவு நிலைக்கு மாறி வெளிச்சம் மங்கிவிடும். வருடக்கணக்கில் கார் வைத்திருப்பவர்கள்கூட அதைத் தொட்டதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் காரில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கண்ணாடியை ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை மட்டும் பாருங்கள், மற்ற நேரம் கண் ரோட்டில் இருக்கட்டும். பின்னால் வருபவரையே பார்த்துக்கொண்டு முன்னால் இருந்த பேரிகார்டைக் கவனிக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

பேரிகார்டு என்றதும் இன்னொன்று. ஊர் வருகிற இடங்களிலும் மீடியன் பிரிகிற இடங்களிலும் போலீஸ் பேரிகார்டு வைத்திருப்பார்கள். உங்களுக்கு அது தெரியும். பின்னால் ஒட்டி வருபவருக்கு உங்கள் கார் மறைப்பதால் தெரியாமல் போகலாம். அப்படி முன்னால் எதையாவது பார்த்தால் வேகம் குறைக்கத் தொடங்குவதற்கு முன்பே, வண்டி குறையாத அளவுக்கு லேசாகப் பிரேக்கை இரண்டு மூன்று முறை தொடுங்கள். பிரேக் லைட் மின்னுவதைப் பார்த்து அவர் உஷாராவார். இது நண்பர்கள் சொன்ன "தட்டு" இல்லை. அது ஒன்றுமே இல்லாத இடத்தில் பயமுறுத்துவதற்கு. இது உண்மையிலேயே ஒன்று இருக்கும் இடத்தில் முன்கூட்டியே சொல்வதற்கு. ரோடு திடீரென்று அடைத்து நிற்க வேண்டி வந்தால் ஹசார்ட் லைட்டையும் (நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னுவது) போட்டுவிடுங்கள். நின்றபிறகும் பிரேக்கில் இருந்து காலை எடுக்காதீர்கள், உங்கள் பின்னால் இரண்டு வண்டியாவது வந்து நிற்கும்வரை விளக்கு எரியட்டும். முன் வண்டியின் பின்டயர் ரோட்டில் படும் இடம் தெரிகிற அளவுக்கு இடம் விட்டு நில்லுங்கள். பின்னால் இருந்து ஒருவர் நிற்காமல் வந்தால் ஒதுங்க அந்த இடம் உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். "பின்னால் வந்து மோதினால் மோதியவன்தான் பொறுப்பு" என்ற நினைப்பில்தான் பலர் பிரேக்கைத் தட்டச் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், முன் வண்டி திடீரென்று நின்றாலும் மோதாத அளவு இடைவெளி விடச் சொல்கின்றன. தக்க காரணமில்லாமல் சட்டென்று பிரேக் போடக் கூடாது என்றும் சொல்கின்றன. 2018-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், லாரிக்குப் பின்னால் 10, 15 அடி தூரத்தில் வந்த கார் லாரி பிரேக் போட்டதும் மோதியது. போதிய இடைவெளி விடாத கார் ஓட்டுநர்மேல்தான் தவறு என்று தீர்ப்பானது. 2025-ல் வந்த தீர்ப்பு நம் கோயம்புத்தூர் விபத்து பற்றியது. 2017 ஜனவரியில் நெடுஞ்சாலையில் ஒரு கார் சைகை எதுவும் இல்லாமல் திடீரென்று நின்றது. பின்னால் பைக்கில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதி விழுந்தார், அவருக்குப் பின்னால் வந்த பஸ் அவர்மேல் ஏறியது. இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. பஸ்ஸுக்கு 30 சதவீதம், இடைவெளி விடாததற்காக மாணவருக்கே 20 சதவீதம், திடீரென்று நிறுத்திய கார் ஓட்டுநருக்கு 50 சதவீதம் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் பிரித்தது. அந்த ஓட்டுநருக்குக் காரணம் இருந்தது. உடன் வந்த கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல். அப்படியிருந்தும் பாதிப் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. வெறும் கோபத்தில் பிரேக் போட்டவர் நீதிமன்றத்தில் என்ன சொல்வார்?

பின்னால் ஒட்டுபவர்கள் எல்லோரும் ஒரே வகை இல்லை. ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ வந்தால் சொல்லவே வேண்டாம், ஒதுங்கிவிட வேண்டும். வழிவிடாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் அபராதம். சாதாரணக் காரில் நோயாளியைக் கொண்டு போகிறவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் சைடு கொடுத்தால் விஷயம் முடிந்தது. சைடு கொடுத்த பிறகும் முந்தாமல் பின்னாலேயே வருபவர், அல்லது முந்திப் போய் முன்னால் நின்று குறுக்கே மறிப்பவர், இவர்கள்தான் வேறு வகை. அப்போது கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள். அவரைப் பார்க்காதீர்கள், கையைக் காட்டாதீர்கள், பதில் ஹாரன் அடிக்காதீர்கள். இருட்டில் ஓரங்கட்டி நிற்கவே கூடாது. வீட்டுக்கும் நேராகப் போக வேண்டாம், வீடு எங்கே என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும். வெளிச்சமும் ஆட்களும் கேமராவும் உள்ள இடத்துக்குப் போங்கள்: பெட்ரோல் பங்க், டோல்கேட், காவல் நிலையம். உங்கள் பாதையில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று மூன்று டோல்கேட் இருக்கின்றன. அம்மாவை 112-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ம் இருக்கிறது. வண்டி எண், திசை, கடைசியாகத் தாண்டிய ஊர் ஆகிய மூன்றும் சொன்னால் போதும். ஓட்டுகிறவர் போனைத் தொடக் கூடாது.

இதைப் படிக்கும் இருசக்கர வாகனக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆக்ஸிலரேட்டரை விட்டு எஞ்சின் இழுவையிலேயே வேகம் குறைக்கும்போது பிரேக் லைட் எரியாது. பின்னால் பஸ் ஒட்டி வரும்போது இது பெரிய ஆபத்து. வேகம் குறைக்கும் ஒவ்வொரு முறையும் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். பயந்து தார் ரோட்டின் ஓர விளிம்புவரை ஒதுங்கவும் வேண்டாம். விளிம்பில் இருந்து மண்ணில் சக்கரம் இறங்கினால் அதே பஸ்ஸுக்கு முன்னால்தான் விழுவீர்கள். கார்க்காரர்கள் மலையில் இறங்கும்போது பின்னால் இருப்பவருக்குப் பயந்து நியூட்ரலில் விடக் கூடாது. கொல்லிமலையின் எழுபது வளைவு ஆனாலும் இரண்டாவது கியரில் இறங்கி, அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட்டுப் போங்கள்.

கடைசியாக உங்கள் காரைப் பற்றி. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 ஆண்டறிக்கையில் மோதல் வகைகளில் முதலிடம் பின்னால் இருந்து மோதுவதற்குத்தான், மொத்த விபத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் ஒருநாள் யாராவது இடிக்கலாம். அப்படி இடித்தால் உடம்பு சீட்டோடு முன்னால் தள்ளப்படும், தலை பின்னால் வெட்டும். கழுத்தைக் காப்பது சீட்டின் மேல் இருக்கும் தலைதாங்கி. பல கார்களில் அது வாங்கிய நாளில் இருந்தபடியே கீழே இறங்கி இருக்கும். அதன் மேல்விளிம்பு குறைந்தது காதின் மேல்நுனி மட்டத்துக்காவது வரும்படி உயர்த்துங்கள். அம்மாவின் சீட்டிலும் பாருங்கள். பெல்ட் போடச் சொன்னால் "பின்னாடிதானே உட்கார்ந்திருக்கேன், எதுக்கு?" என்பார். பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம் என்பது சட்டம். பெரும்பாலான கார்களில் பெல்ட் கொக்கி சீட் கவருக்கு அடியில் போய் ஒளிந்திருக்கும். புறப்படுவதற்கு முந்தின நாளே தேடி வெளியே எடுத்துவைத்து, அம்மாவையும் குழந்தைகளையும் உட்காரவைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள்.